கொதி நின்றால் வைத்தியம் முடிந்ததா?

எங்கட போடிங்கில் ஆறு பேர் இருக்கிறோம். எல்லாரும் கலைப்பீடம். ஆறு பேருக்கும் சேர்த்து ஒரு குளியலறை, ஒரு கேத்தில், பதினொரு சூத்தைப் பல். பதினொன்று என்று கணக்காகத் தெரியும். போன வருஷம் நடந்த ஒரு விசயத்துக்குப் பிறகு, ஒருநாள் இரவு போன் லைட்டைப் பிடித்து ஒருவர் வாயை ஒருவர் பார்த்து எண்ணினோம்.

அந்த விசயம் இதுதான். எங்களில் ஒருத்திக்கு செமஸ்டர் தொடங்கின கிழமை பல்லுக்கொதி வந்தது. கீழ்க்கடைவாய்ப் பல். கராம்பு கடித்தாள், உப்புத்தண்ணி கொப்பளித்தாள், பனடோல் போட்டாள். மூன்றாம் நாள் இரவு சுவரில் தலையைச் சாய்த்தபடி விடியும்வரை இருந்தாள். காலமை கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனோம். "புடுங்கலாம், இல்லாட்டி நேர்வ் பில்லிங் செய்யலாம்" என்றார்கள். இருபத்திரண்டு வயதில் பல்லைப் புடுங்க மனமில்லை. வீட்டில் இருந்து கொஞ்சம், எங்களிடம் கொஞ்சம், மகாபொலக் காசில் மிச்சம் என்று சேர்த்துக் கட்டினாள். மூன்று தரம் போய் வந்தாள். மூன்றாம் தரம் வேருக்குள் நிரப்பி, மேலே வெள்ளையாக ஏதோ அடைத்து, ஒரு துண்டு எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள்.

கொதி முழுதாக நின்றுவிட்டது. நாங்களும் "அப்பாடா" என்று அந்தக் கதையை மறந்துபோனோம்.

ஐந்து மாதம் கழித்து, கச்சான் சாப்பிட்டுக்கொண்டு இருக்கும்போது அந்தப் பல்லின் ஒரு பக்கச் சுவர் உடைந்தது. முரசுக்குக் கீழே வரை பிளந்திருந்தது. வெள்ளை அடைப்பு எப்போது கழன்று விழுந்தது என்று அவளுக்கே தெரியாது. வேறொரு பல் வைத்தியர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வேருக்குள்ள செய்த வேலை நல்ல வேலை. மேல மூடாமல் விட்டதுதான் பிழை. இனி இதை வச்சிருக்க ஏலாது."

பல்லைப் புடுங்கிவிட்டு பஸ்ஸில் வரும்போது, பஞ்சைக் கடித்தபடி அவள் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். "அப்ப நான் கட்டின காசு?"

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்காக எழுதுவது. எங்களுக்கு பல் வைத்தியம் தெரியாது. ஆனால் வாசிக்கத் தெரியும். பல் மருத்துவ பீடத்தில் படிக்கிற ஒரு பள்ளிக்கூடச் சிநேகிதியைத் தொல்லைப்படுத்தி, சில ஆய்வுகளை எடுத்து, விளங்காத இடங்களில் அவளிடம் கேட்டுக் கேட்டு வாசித்தோம். வாசித்து முடிய எங்களுக்கு வந்த அபிப்பிராயம் இது: நேர்வ் பில்லிங் என்பது கொதியை நிறுத்துகிற வைத்தியம் இல்லை. அது மூடுகிற வைத்தியம். மூடி முடிக்காத பல்லை, வைத்தியம் முடிந்த பல் என்று யாரும், வைத்தியரும் சரி நோயாளியும் சரி, கணக்கில் எடுக்கக்கூடாது.

வேருக்குள் என்ன செய்கிறார்கள்?

பல்லுக்குள் நரம்பும் இரத்தக்குழாயும் உள்ள மெல்லிய சதை இருக்கிறது. சூத்தை ஆழமாகப் போனால் கிருமி அதற்குள் இறங்கும். சதை வீங்கும், பிறகு செத்துப்போகும். கிருமி வேரின் நுனியால் வெளியே வந்து எலும்புக்குள் சீழ் கட்டும்.

இதில் குற்றவாளி கிருமிதான் என்பதை 1965இல் அமெரிக்காவில் ககெஹாஷி, ஸ்டான்லி, ஃபிற்ஸ்ஜெரால்ட் என்ற மூன்று பேர் எலிகளை வைத்துக் காட்டினார்கள். ஒரு கூட்டம் சாதாரண எலிகள். மற்றக் கூட்டம் கிருமியே இல்லாத சூழலில் வளர்த்த எலிகள். இரண்டு கூட்டத்துக்கும் பல்லைத் துளைத்து உள்சதையைத் திறந்து விட்டார்கள். சாதாரண எலிகளின் பற்சதை அழுகிச் சீழ் கட்டியது. கிருமி இல்லாத எலிகளுக்கோ, அந்தத் திறந்த வாயில் சாப்பாடு அடைந்துகூட, சதை செத்துப்போகவில்லை. காயம் தானாக மூடத் தொடங்கியது.

அப்படியென்றால் வைத்தியருக்கு வேலை இரண்டு. உள்ளே இருக்கும் கிருமியை அகற்ற வேண்டும். புதுக்கிருமி திரும்ப வராமல் தடுக்க வேண்டும்.

முதலாவது வேலையை முழுதாகச் செய்ய ஏலாது என்பதுதான் எங்களுக்கு ஆச்சரியமாக இருந்தது. வேர்க்கால்வாய் நேரான குழாய் இல்லை. வளையும், தட்டையாகும், கிளை விடும், இரண்டு கால்வாய்களுக்கு நடுவில் ஒரு மெல்லிய இடுக்கு ஓடும். மேல்கடைவாய் முதற்பல்லில் நான்காவதாக ஒரு கால்வாய் ஒளிந்திருப்பது சாதாரணம். 2001இல் பீற்றர்ஸ் என்பவரும் கூட்டாளிகளும், நுண் ஸ்கேன் கருவியால் பார்த்தபோது, எந்த வகை அரத்தைப் பாவித்தாலும் கால்வாய்ச் சுவரில் 35 வீதம் அல்லது அதற்கு மேல் அரம் படாமலே கிடந்தது. அதனால்தான் அரத்தால் சுரண்டுவதோடு நிற்காமல் சோடியம் ஹைப்போகுளோரைற்றால் கழுவுகிறார்கள். வீட்டில் துணி வெளுக்கப் பாவிக்கிற திராவகத்தில் இருப்பதும் அதுதான். அப்படிக் கழுவியும் சில கிருமி மிஞ்சலாம்.

அந்த மிச்சத்துக்காகத்தான் நிரப்புகிறார்கள். நிரப்புவதன் நோக்கம் மூன்று. மிஞ்சின கிருமியை உள்ளேயே பட்டினி போட்டுப் புதைப்பது. வேர் நுனியால் நீர் கசிந்து வந்து அதற்குத் தீனி போடாமல் தடுப்பது. வாயிலிருந்து புதுக்கிருமி இறங்காமல் அடைப்பது.

நிரப்பும் பொருளுக்கும் ஒரு கதை உண்டு. அதன் பெயர் கட்டாபேர்ச்சா. மலாயாப் பக்கத்து மரம் ஒன்றின் பால். 19ஆம் நூற்றாண்டில் கடலடித் தந்திக் கம்பிகளுக்குத் தண்ணீர் புகாமல் உறை போட்டது இதனால்தான். இறப்பருக்கு ஒன்றுவிட்ட சகோதரம் மாதிரி. வேதியியல் மூலகங்கள் ஒன்றுதான், மூலக்கூறு மடிந்திருக்கும் விதம் வேறு. இன்றைக்கு வேருக்குள் வைக்கிற அந்த இளஞ்சிவப்புக் குச்சியில் ஏறக்குறைய 20 வீதம்தான் இந்தப் பால். மிச்சத்தில் பெரும்பங்கு துத்தநாக ஒட்சைட்டு. குச்சி தனியாக ஒட்டாது. சுவருக்கும் குச்சிக்கும் இடையிலான வெளியை அடைக்க ஒரு பசை வேண்டும். பழைய, இன்னும் பாவனையில் உள்ள பசைகளில் ஒன்று, துத்தநாக ஒட்சைட்டைக் கராம்பு எண்ணெயில் உள்ள யூஜினோலுடன் குழைத்துச் செய்வது. எங்கட அம்மம்மாமார் பல்லுக்கொதிக்கு கராம்பு வைத்ததும், வைத்தியர் வேருக்குள் பசை வைப்பதும் ஒரே பொருளில் வந்து முடிகிறது. இப்போது எபொக்சிப் பசையும், பயோசெரமிக் என்று ஒரு வகையும் வந்திருக்கின்றன. எந்தப் பசையானாலும் வேலை ஒன்றுதான்: இடைவெளி இல்லாமல் அடைப்பது.

மேல் கதவு

கடலடிக் கம்பியையே காப்பாற்றின பொருள் வேருக்குள் இருக்கும்போது, மேலே திறந்து கிடந்தால் என்ன? எங்கட சிநேகிதியும் இப்படித்தான் நினைத்திருப்பாள். நாங்களும் நினைத்தோம்.

1990இல் தொராபினெஜாட் என்பவரும் கூட்டாளிகளும் ஒரு சோதனை செய்தார்கள். பிடுங்கின பற்களின் வேரை முறையாக நிரப்பி, மேற்பக்கத்தை மூடாமல் கிருமித் திரவத்தில் விட்டார்கள். ஒரு வகைக் கிருமி 19 நாட்களில் பாதிக்கு மேற்பட்ட வேர்களின் நுனிவரை போய்விட்டது. இன்னொரு வகைக்கு 42 நாள் எடுத்தது. இது ஆய்வுகூடச் சோதனை, வாய்க்குள் அப்படியே இந்தக் கணக்கில் நடக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் நிரப்பல் தனியாக நிற்கும் மதில் இல்லை என்பது விளங்குகிறது.

பிறகு 1995. றே, துறோப் என்ற இருவர், அமெரிக்காவில் ஒரு பல் மருத்துவக் கல்லூரிக்கு வந்தவர்களின் எக்ஸ்ரேக்களில் வேர்ச் சிகிச்சை செய்த 1010 பற்களைப் பார்த்தார்கள். ஒவ்வொரு பல்லிலும் இரண்டு கேள்வி: வேர் நிரப்பல் நல்லதா? மேல் நிரப்பல் நல்லதா? இரண்டும் நன்றாக இருந்த பற்களில் 91.4 வீதத்தில் வேர் நுனியில் அழற்சி இல்லை. இரண்டும் மோசமாக இருந்தவற்றில் 18.1 வீதம்தான் சுத்தம். இதுவரை எதிர்பார்த்ததுதான். எங்களை நிறுத்தி வைத்தது நடுவில் உள்ள இரண்டு எண்கள். வேர் நிரப்பல் மோசம், மேல்மூடி நல்லது என்றால் 67.6 வீதம் சுத்தம். வேர் நிரப்பல் நல்லது, மேல்மூடி மோசம் என்றால் 44.1 வீதம்தான் சுத்தம். அதாவது உள்ளே ஒழுங்காகச் செய்து மேலே கோட்டைவிட்ட பற்கள், உள்ளே அரைகுறையாகச் செய்து மேலே நன்றாக மூடின பற்களைவிட மோசம்.

இந்த இடத்தில் "பாத்தியளா!" என்று கட்டுரையை முடித்திருக்கலாம். ஆனால் பல் மருத்துவச் சிநேகிதி விடவில்லை. "மற்றதையும் வாசி" என்றாள்.

மற்றது 2000ஆம் ஆண்டு நோர்வேயில் றொன்ஸ்ராட்டும் கூட்டாளிகளும் 1001 பற்களில் செய்தது. அதே கேள்விகள், வேறு விடை. இரண்டும் நல்லது: 81 வீதம். வேர் நல்லது, மேல் மோசம்: 71. வேர் மோசம், மேல் நல்லது: 56. இரண்டும் மோசம்: 57. இதன்படி வேருக்குள் செய்யும் வேலைதான் முதலாவது. வேர் வேலை பிழைத்தால் மேலே எவ்வளவு நன்றாக மூடினாலும் பெரிதாக ஒன்றும் மாறாது.

யாரை நம்புவது? வரலாற்றுப் பாடத்தில் இரண்டு மூலங்கள் ஒன்றுக்கொன்று முரண்பட்டால் என்ன செய்யச் சொல்லித் தந்தார்களோ அதையே செய்தோம். அவை எப்படி உருவாகின என்று பார்த்தோம். இரண்டுமே ஒரு கணத்தில் எடுத்த எக்ஸ்ரேயைப் பார்த்தவை. ஒரு நிழல் ஆறிக்கொண்டிருக்கிறதா வளர்ந்துகொண்டிருக்கிறதா என்று ஒரு படம் சொல்லாது. மேல்மூடி "நல்லது" என்று எக்ஸ்ரேயில் தெரிவது வாய்க்குள் கசியாமல் இருக்கிறது என்பதற்குச் சான்றும் இல்லை. 2011இல் கில்லனும் மற்றவர்களும் இப்படிப்பட்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்தார்கள்: ஒன்று பிழைத்தால் மற்றது ஈடு செய்யாது, இரண்டுமே ஏறக்குறைய ஒரே அளவு முக்கியம். லண்டனில் இங், மான், குலாபிவாலா ஆகியோர் 2008இல் வெளியிட்ட தொகுப்பாய்விலும் வெற்றியைக் கூட்டும் காரணிகள் நான்காக வருகின்றன: முதலிலேயே வேர் நுனியில் நோய் இல்லாமல் இருப்பது, நிரப்பலில் வெற்றிடம் இல்லாமல் இருப்பது, நிரப்பல் நுனிக்கு 2 மில்லிமீற்றருக்குள் போய் நிற்பது, மேல்மூடி சரியாக இருப்பது.

நான்கையும் திரும்பப் பாருங்கோ. முதலாவது எங்கட கையில் இருக்கிறது: கொதி தாங்க முடியாமல் போகும்வரை இழுக்காமல் நேரத்தோடு போவது. நடுவில் உள்ள இரண்டும் வைத்தியரின் கையில். நாலாவதுதான் வைத்தியருக்கும் எங்களுக்கும் இடையில், யாருடைய கையிலும் இல்லாமல் கீழே விழுகிறது.

'வெற்றி' என்று யார் சொல்வது?

கலைப்பீடப் பிள்ளைகளுக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. ஒரு சொல்லைக் கண்டால் அது யாருடைய சொல் என்று கேட்போம். இந்த ஆய்வுகள் முழுக்க 'வெற்றி' என்ற சொல் வருகிறது. அதற்கு மூன்று பொருள் இருப்பதைக் கண்டோம்.

நோயாளிக்கு வெற்றி என்றால் கொதி நின்றது. எக்ஸ்ரே பார்க்கிற ஆய்வாளருக்கு வெற்றி என்றால் வேர் நுனியின் கறுப்பு நிழல் மறைந்தது. காப்புறுதிக் கொம்பனிக்கு வெற்றி என்றால் பல் இன்னும் வாயில் இருக்கிறது.

மூன்றாவதற்குப் பெரிய ஓர் உதாரணம் உண்டு. 2004இல் சாலெஹ்றாபி, றொட்ஸ்ரைன் என்ற இருவர் அமெரிக்கக் காப்புறுதித் தரவில் 14 இலட்சத்துக்கு மேற்பட்ட பற்களை 8 வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். 97 வீதம் வாயிலேயே இருந்தன. நல்ல செய்திதான். ஆனால் பிடுங்கப்பட்ட அந்தச் சிறு தொகையைத் தனியே எடுத்துப் பார்த்தபோது, அவற்றில் 85 வீதத்துக்கு மேலே முழு மூடி, அதாவது கிரவுண், போடப்பட்டிருக்கவில்லை. 2002இல் அக்கிலினோவும் கப்லனும் செய்த ஆய்விலும், வேர்ச் சிகிச்சைக்குப் பிறகு கிரவுண் போடாத பற்கள் போட்ட பற்களைவிட ஆறு மடங்கு வேகத்தில் இழக்கப்பட்டன. கிரவுண் போட்டவர்கள் பல்லில் கூடக் கவனம் உள்ளவர்களாகவும் கையில் காசு உள்ளவர்களாகவும் இருந்திருக்கலாம். அதைக் கழித்துப் பார்த்தாலும் ஆறு மடங்கு சின்ன எண் இல்லை.

காரணம் விளங்கக்கூடியது. துளைத்து, சுரண்டி, நடுவைக் காலி செய்த கடைவாய்ப் பல் கூரையில்லாத மண்வீடு மாதிரி. நாலு சுவர் நிற்கும். கடிக்கும்போது சுவர்கள் வெளிப்பக்கம் விரியும். ஒருநாள் ஒன்று சாயும். முன்பற்களுக்கு இவ்வளவு சுமை இல்லை. பெரும்பாலும் நல்ல நிரப்பல் போதும். கடைவாய்க்குத்தான் கூரை வேண்டும்.

இதற்கு மேல் இன்னொன்று. நரம்பு எடுத்த பல்லுக்குள் கூச்சம் இல்லை. சாதாரணப் பல்லில் நிரப்பல் கழன்றால் ஐஸ் தண்ணி பட்டவுடன் சுள் என்று ஏறும், நாங்கள் ஓடிப்போவோம். நேர்வ் பில்லிங் செய்த பல்லில் அந்த அலாரம் வெட்டியாகிவிட்டது. கிருமி மேலிருந்து கீழே இறங்குகிற அத்தனை நாளும் நாங்கள் நிம்மதியாக நித்திரை கொள்ளுவோம். ஆக, கொதி இல்லை என்பதை வெற்றியின் அடையாளமாக எடுப்பது இந்த ஒரு வைத்தியத்தில் மிகவும் ஆபத்தானது. கொதி நிற்பது முதல் நாளே நடக்கக்கூடிய விசயம். பல் பிழைப்பது அதன்பிறகு நடக்கிறவற்றில் தங்கியிருக்கிறது.

2/52

சரி, அப்ப எங்கட சிநேகிதி பொறுப்பில்லாதவளா? வீட்டுக்குப் போனபோது எல்லாரும் அவளைத்தான் பேசினார்கள். "பல்லைப் பாக்க நேரமில்லை, போனைப் பாக்க மட்டும் நேரமிருக்கு."

அவளுடைய பையின் அடியில் கிடந்த துண்டை நாங்கள் பிறகு எடுத்துப் பார்த்தோம். ஆங்கிலத்தில், அவசரக் கையெழுத்தில் இரண்டே விசயம். "டி.எஃப்." அதற்குக் கீழே "2/52". திகதி இல்லை.

டி.எஃப். என்றால் தற்காலிக நிரப்பல். 2/52 என்றால் இரண்டு கிழமை. வருடத்துக்கு 52 கிழமை, அதில் இரண்டு. வைத்தியர்களுக்கு இடையில் இது சாதாரணக் குறியீடாம். அதே மாதிரி 3/7 என்றால் மூன்று நாள், 6/12 என்றால் ஆறு மாதம். ஆறு பேர், ஆறு பேரும் உயர்தரத்தில் நல்ல பெறுபேறு எடுத்துப் பல்கலைக்கழகம் வந்தவர்கள். ஒருவருக்கும் அது விளங்கவில்லை. அவள் அதை ஏதோ பதிவு இலக்கம் என்று நினைத்திருந்தாள்.

வாயால் என்ன சொன்னார்கள் என்று கேட்டோம். "பிறகு வந்து பெர்மனன்ட் பில்லிங் போடுங்கோ" என்றார்களாம். பாதி வாய் விறைத்து, வெளியில் இருபது பேர் இருக்கிற நேரத்தில் சொன்ன "பிறகு". அந்த வெள்ளை அடைப்பு சில கிழமைகளுக்கு மட்டுமே தாங்கும் என்றோ, அது கழன்றால் வேருக்குள் செய்த வேலையும் போய்விடும் என்றோ, கடைவாய்க்கு மேலே மூடி போடாவிட்டால் பல் பிளக்கலாம் என்றோ யாரும் சொல்லவில்லை. அது தெரிந்திருந்தால் பரீட்சைக்கு நடுவிலும் ஒரு பின்னேரம் போயிருப்பாள். கொதிக்காத பல்லுக்காக பரீட்சையை விட்டுவிட்டுப் போக யாருக்குத் தோன்றும்?

நாங்கள் அந்த வைத்தியரைத் திட்ட இதை எழுதவில்லை. வேருக்குள் அவர் செய்த வேலை நல்லது என்று இரண்டாவது வைத்தியரே சொன்னார். ஒரு நாளைக்கு எத்தனை வாய் பார்க்க வேண்டியிருக்கிறது என்பதையும் கதிரையில் இருந்தபடி கண்டோம். எங்கட கோபம், வேர் நிரப்பலையும் மேல் நிரப்பலையும் இரண்டு தனி வேலையாக, இரண்டு தனிக் கட்டணமாக, இரண்டு தனித் திகதியாகப் பிரித்து வைத்திருக்கும் முறையின் மேல். ஆய்வுகள் எல்லாம் இரண்டையும் சேர்த்து ஒரே வைத்தியம் என்கின்றன. எங்கட துண்டும் பில்லும் அதை இரண்டாக்குகின்றன. அந்தப் பிளவுக்குள்தான் பல் விழுகிறது.

காசு விசயத்தையும் மறைக்கத் தேவையில்லை. இந்த நாட்டில் அரச ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம். அது பெரிய விசயம், அதை இலேசாக எடுக்க நாங்கள் தயாரில்லை. ஆனால் கிரவுண் செய்யும் வசதி எல்லா அரச பற்சிகிச்சைப் பிரிவிலும் இல்லை. தனியாரில் செய்ய பல மாத மகாபொலக் காசு வேண்டும். ஆகவே எங்களைப் போன்றவர்கள் வைத்தியத்தின் முதற்பாதியை எப்படியோ வாங்குகிறோம், இரண்டாம் பாதிக்கு வழியில்லாமல் முதற்பாதியையும் இழக்கிறோம். ஏழைக்கு இது இரட்டை நட்டம். முதலிலேயே புடுங்கியிருந்தால் பல்தான் போயிருக்கும், காசாவது மிஞ்சியிருக்கும்.

இதைச் சொல்லும்போது ஒரு மறுப்பு வரும். "அப்ப புடுங்கிறதுதானே நல்லது? எங்கட அம்மாமார் அப்படித்தானே செய்தவை?" ஓம், சில பல்லைப் புடுங்குவதுதான் சரி. முரசுக்குக் கீழே உடைந்த பல்லையும் மேலே கட்டி எழுப்ப ஒன்றும் மிஞ்சாத பல்லையும் இழுத்து வைத்திருப்பதில் பயனில்லை. ஆனால் அது முதல் நாளே, எல்லாக் கணக்கையும் மேசையில் வைத்து எடுக்க வேண்டிய முடிவு. ஐந்து மாதம் கழித்துக் கச்சான் எடுக்கிற முடிவாக அது இருக்கக்கூடாது.

இன்னொரு மறுப்பு வட்ஸ்அப்பில் வரும். "நேர்வ் பில்லிங் செய்தால் புற்றுநோய் வரும்." இது புதுக் கதை இல்லை. 1910இல் வில்லியம் ஹன்ரர் என்ற பிரித்தானிய வைத்தியர் கனடாவில் ஆற்றிய ஓர் உரையில், செத்த பல்லை மூடி வைப்பதுதான் உடம்பு நோய்களுக்கு மூலம் என்று முழங்கினார். அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள், மூட்டுவாதம் முதல் மனநோய் வரை எல்லாவற்றுக்கும் மருந்தாக நல்ல பற்களைக்கூடக் கூட்டம் கூட்டமாகப் பிடுங்கினார்கள். நோய்கள் குறையவில்லை, பொக்கை வாய்கள்தான் கூடின. அந்தக் கதையைத் தூசு தட்டி 2018இல் ஓர் ஆவணப்படம் வந்தது. பல் வைத்திய அமைப்புகளின் எதிர்ப்புக்குப் பிறகு 2019இல் நெட்பிளிக்ஸ் அதை எடுத்துவிட்டது. படம் போனாலும் அதன் துண்டுகள் இன்னும் சுற்றுகின்றன. அதைப் பார்த்துப் பயப்படுகிறவர்களுக்கு எங்கட பதில்: பயப்பட வேண்டியது மூடின பல்லுக்கு இல்லை. மூடாமல் விட்ட பல்லுக்கு.

நாங்கள் கேட்பது

பெரிய சீர்திருத்தம் ஒன்றும் கேட்கவில்லை. முதலாவது, வேர் நிரப்பும் அன்றே, முடியுமான எல்லா இடத்திலும், நிரந்தர நிரப்பலையும் போட்டு அனுப்புங்கோ. முடியாவிட்டால் துண்டில் திகதி எழுதுங்கோ. தமிழில், சிங்களத்தில், நோயாளி வாசிக்கிற மொழியில், "இது தற்காலிகம், இந்தத் திகதிக்கு முதல் வராவிட்டால் பல் பழுதாகும்" என்று ஒரு வரி. ஒரு ரப்பர் முத்திரை செய்தால் போதும்.

இரண்டாவது, பல்லைத் திறக்க முதலே முழுச் செலவையும் சொல்லுங்கோ. வேருக்கு இவ்வளவு, மேலுக்கு இவ்வளவு, கிரவுண் தேவையென்றால் இவ்வளவு. கிரவுணுக்கு வழியில்லாதவருக்கு, பல்லின் முனைகளையும் சேர்த்து மூடுகிற நிரப்பல் மாதிரி, செலவு குறைந்த வழி உண்டா என்று பேசுங்கோ.

மூன்றாவது, பல்கலைக்கழக மருத்துவ நிலையங்கள். புதுமுக மாணவருக்கு இரத்த வகை எழுதி வாங்குகிறீர்கள், கண் பார்க்கிறீர்கள். வேர்ச் சிகிச்சை தொடங்கி முடிக்காமல் இருப்பவர்களின் பெயரையும் ஒரு கொப்பியில் எழுதி, பரீட்சை முடிந்த கிழமை ஒரு தரம் கூப்பிட்டு நினைவுபடுத்தினால் என்ன?

நாலாவது எங்களுக்கு. நேர்வ் பில்லிங் செய்யப் போகிறவர்கள் கதிரையில் ஏற முதல் மூன்று கேள்வி கேளுங்கோ: இன்றைக்கு மேலே போடுவது தற்காலிகமா நிரந்தரமா? எந்தத் திகதிக்கு முதல் நான் வரவேணும்? இந்தப் பல்லுக்கு மூடி வேணுமா, எவ்வளவு? ஏற்கெனவே செய்தவர்கள் நாக்கால் தடவிப் பாருங்கோ. பள்ளமோ கூரோ தட்டுப்பட்டால், கொதிக்காவிட்டாலும், இந்தக் கிழமையே போங்கோ.

அந்தப் பதினொரு சூத்தைப் பல்லில் இப்போது ஏழை அடைத்தாகிவிட்டது. எல்லாம் சின்ன நிரப்பல், நேரத்தோடு போனதால். எங்கட சிநேகிதிக்கு மற்றப் பக்கக் கடைவாயிலும் ஒன்று ஆழமாகப் போய், போன மாதம் நேர்வ் பில்லிங் செய்ய வேண்டி வந்தது. இந்தமுறை மூன்று கேள்வியையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனாள். வைத்தியர் சிரித்துவிட்டு மூன்றுக்கும் ஆறுதலாகப் பதில் சொன்னாராம். நிரந்தர நிரப்பல் அன்றே போட்டாயிற்று. கிரவுணுக்கு இன்னும் காசு சேரவில்லை. எங்கட குளியலறைக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. அதில் சேர்ந்த தொகையும், அதற்குக் கீழே ஒரு திகதியும் எழுதியிருக்கிறோம்.